லாபம், ரெண்டு, மூணு

ஹயாமி-8 என்ற சின்தசைஸரின் எடை நாற்பத்திரண்டு கிலோ. அருமைநாயகத்தின் எடை ஐம்பத்தெட்டு. இரண்டு பேரையும் சாலிகிராமம் ஸ்டுடியோவின் இரண்டாவது மாடிக்கு லிஃப்டில் ஏற்றியபோது வாட்ச்மேன் கீபோர்டைப் பார்த்துத்தான் "பாத்து, பாத்து" என்று பதறினார். அருமைநாயகத்துக்கு அதில் வருத்தமில்லை. அறுபத்தாறு வருஷமாக உலகம் அவரை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் இருக்கும் பொருளைத்தான் பார்த்து வந்திருக்கிறது.

அவருடைய விசிட்டிங் கார்டில் 'கீபோர்டு இசைக்கலைஞர்' என்று இருக்கும். ஸ்டுடியோக்காரர்களின் போனில் 'அருமை வயர்' என்று இருக்கும். பழைய சின்தசைஸர்களைப் புதிய கம்ப்யூட்டருடன் பேசவைக்கத் தெரிந்த ஆட்கள் சென்னையில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கனடா போய்விட்டார், ஒருவர் மேலே போய்விட்டார். மிச்சம் இருந்த ஒரே காரணத்தால் அருமைநாயகம் நிபுணர் ஆகியிருந்தார்.

மாடியில் காத்திருந்தவள் செம்மலர். கோபிசெட்டிபாளையத்துப் பெண், 'கரம்' என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரைச் செய்த கம்பெனியின் இன்ஜினியர்.

"எங்க சாஃப்ட்வேர் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க சார்."

"அது வந்ததுல இருந்துதானம்மா எனக்கு வேலை இல்ல. எப்படிக் கேள்விப்படாம இருப்பேன்?"

அவள் சங்கடமாகச் சிரித்தாள். "நாங்க ஆளுங்க வேலையை எடுக்கறதில்லைங்க சார். கையைத்தான் எடுக்கறோம். ஒருத்தர் கட்டையை எவ்வளவு அழுத்தறார், எப்ப விரலை எடுக்கறார், எந்த விரல் சோம்பேறி. பத்து நிமிஷத்துக்கு இந்தக் கணக்கு கெடச்சா போதும். அவர் வாழ்க்கையில வாசிக்காத பாட்டைக் கூட அவர் மாதிரியே வாசிச்சுரும்."

"அவரு?"

"அவர் இருக்கணும்னு இல்லீங்க."

இந்த முறை இல்லாமல் இருந்தவர் ரங்கபாஷ்யம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு காலமான பெரிய கீபோர்டு மேதை. அவர் மகள் பத்மஜாவுக்கு அப்பாவின் கை வேண்டும். பழைய பாடல்களிலிருந்து எடுக்க முடியாது, அவற்றில் பத்து வாத்தியங்கள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. ஆனால் பாஷ்யம் சார் வாசித்த ஹயாமி-8க்கு ஒரு விசேஷம் உண்டு. புதிதாக வாசிக்க உட்காருபவரைப் பத்து நிமிஷம் கட்டைகளை அழுத்தச் சொல்லும். அவர் விரல்களின் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். அப்படி எட்டுப் பேருடைய விரல்களை, எட்டு எண்களில் நினைவு வைத்துக்கொள்ளும்.

அந்த எட்டில் ஒன்று பாஷ்யம் சார். எது என்று அறிந்த ஒரே ஆள், அவரிடம் பதினோரு வருஷம் உதவியாளராக இருந்து, வயர் சுற்றி, பெட்டி தூக்கி, சார் வருவதற்கு முன்னால் மெஷினைச் சூடேற்றி வைத்த அருமைநாயகம்.

அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு பாட்டுக்குக் கூட சார் அவரை வாசிக்க உட்கார வைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலை அவர் மறைத்ததும் இல்லை. "பாஷ்யம் சார் பெரிய ஆளுதான். ஆனா கை கொஞ்சம் கனம்" என்பது நாற்பது வருஷமாக அவர் சொல்லிவரும் வாக்கியம். டீக்கடையில் சொல்லியிருக்கிறார், கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறார், சாரின் சாவு வீட்டிலும் சொல்லியிருக்கிறார். அங்கே மட்டும் கொஞ்சம் மெதுவாக. கூடவே மேஜையில் பத்து விரலையும் வைத்து, தோள் குலுங்க, தட்தட்டென்று சார் மாதிரியே வாசித்துக் காட்டுவார். நல்ல சிரிப்பு கிடைக்கும். வாசிப்புக்காக அவருக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான்.

வயர் மாட்டவே ஒரு காலை முழுவதும் ஆனது. ஹயாமியின் பின்னால் இருந்தது ஐந்து ஊசி உள்ள உருண்டைத் துளை. செம்மலரின் கம்ப்யூட்டரில் துளையே இல்லை, எல்லாம் காற்றிலேயே நடக்கும். நடுவில் அருமைநாயகம் தன் பையிலிருந்து நான்கு மாற்றிகளை எடுத்து ஒன்றின் வாலில் இன்னொன்றைச் செருகினார். கடைசியில் கம்ப்யூட்டர் "சாதனம் கிடைத்தது" என்றது. உடனே "சாதனம் போய்விட்டது" என்றது.

"ரொம்ப வேகமா பேசுதும்மா உன் கம்ப்யூட்டர். ஒரு வாக்கியம் சொல்லிட்டு நிக்கச் சொல்லு. இது மென்னு முழுங்கட்டும்."

அவள் வேகத்தைக் குறைத்தாள். ஹயாமியின் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்து அணைந்தது. இருவரும் தங்களை அறியாமல் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

சந்தோஷம் மூடியைத் திறக்கும் வரைதான். உள்ளே நினைவைக் காப்பாற்றிக்கொண்டிருந்த பேட்டரி உப்புப் பூத்துக் கசிந்திருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்த அருமைநாயகம் உதட்டைப் பிதுக்கினார்.

"மாத்திரலாமுங்களா?"

"கழட்டுன அடுத்த நிமிஷம் எட்டுப் பேரும் அழிஞ்சு போவாங்க. கழட்டலேன்னா ஒரே ஒரு தடவை படிக்கலாம். அதுவும் எட்டுல ஒருத்தரைத்தான். படிக்கிறதுக்கே இருக்கிற கரண்டெல்லாம் தீர்ந்துரும்."

"அப்ப எந்த நம்பர்னு கரெக்ட்டா தெரியணுங்க சார்."

அருமைநாயகம் பையின் அடியிலிருந்து ஒரு பழைய நோட்டை வெளியே எடுத்தார். வாழ்க்கையில் எதையும் ஒழுங்காக எழுதி வைத்ததில்லை, இதைத் தவிர. அவருடைய இருபது வயதுக் கையெழுத்தில் முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: 'லாபம் – சார். ரெண்டு – நான். மூணு – காலி.'

"லாபமா? அப்படீன்னா?"

"சாருக்கு மன்னார்குடி பக்கம். களத்துல நெல்லு அளக்கும்போது முதல் மரக்காலை ஒண்ணுன்னு சொல்லமாட்டாங்க. லாபம்னு ஆரம்பிப்பாங்க. லாபம், ரெண்டு, மூணுன்னு போகும். சார் எதை எண்ணினாலும் அப்படித்தான். பாட்டு ஆரம்பிக்க தாளம் கொடுக்கும்போது கூட 'லாபம், ரெண்டு, மூணு, நாலு'ம்பாரு. பம்பாய்ல இருந்து வந்த வயலின்காரங்க எல்லாம் முழிப்பாங்க."

"அப்ப லாபம்னா..."

"ஒண்ணும்மா. லாபம்னா ஒண்ணு" என்றார் அருமைநாயகம், ஒரு நிபுணருக்கு உரிய மிடுக்குடன். அந்த வாக்கியத்தை அவர் பிறகு பலமுறை நினைத்துப் பார்க்கவேண்டியிருந்தது.

செம்மலர் 1 என்று தட்டினாள். ஹயாமி மூன்று நிமிஷம் முனகியது. கம்ப்யூட்டரில் கட்டம் நிரம்பியது. பிறகு சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கி, நாற்பத்திரண்டு கிலோ இரும்பும் பிளாஸ்டிக்கும் மட்டும் மிஞ்சின.

மறுநாள் மதியம் பத்மஜா வந்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், வங்கியில் அதிகாரி. அப்பாவின் கையைக் கேட்கப்போகிறோம் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். செம்மலர் ஏதோ ஒரு சாதாரணத் தாலாட்டு மெட்டைக் கொடுத்து கரத்தை வாசிக்கச் சொன்னாள்.

முதல் நான்கு சுரத்திலேயே அறை மாறிவிட்டது. அந்தக் கை கட்டையை அழுத்தவில்லை, தொட்டுக் கேட்டது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கடைசிச் சுரத்தை விட மனமில்லாமல் ஒரு கணம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டிருந்தது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே இன்னும் ஒரு வார்த்தை பேசும் விருந்தாளி மாதிரி. பத்மஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அருமைநாயகத்துக்கு முதலில் வயிறு எரிந்தது. அடுத்து வெட்கமாக இருந்தது. கடைசியில் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனையா நாற்பது வருஷம் கனம், கனம் என்று டீக்கடை டீக்கடையாக விற்றோம்? இப்படி ஒரு கை எதிரே இருந்தும் பொறாமையில் காது அடைத்துப் போயிருந்ததே!

அவர் எழுந்து நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக, இன்னொருவர் வாசிப்பை மனதார ஒப்புக்கொண்டார்.

"பத்மாம்மா, என்னை மன்னிச்சிரு. நான் உங்கப்பாவைப் பத்தித் தப்பா சொல்லிட்டுத் திரிஞ்சேன். கை கனமே இல்ல. இந்த மாதிரி ஒரு கையை நான் கேட்டதே இல்ல."

"அழாதீங்கோ அங்கிள்" என்று பத்மஜாவும் அழுதாள்.

அன்று மாலை டீக்கடையில் பாஷ்யம் சாரைப் புகழ்ந்து அரைமணி நேரம் பேசினார். கேட்டவர்கள் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று சந்தேகப்பட்டார்கள். பேசிக்கொண்டே டீ கிளாஸைத் தூக்கியபோது அவருடைய இடதுகைச் சுண்டுவிரல் வழக்கம்போல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. நாசரேத்தில் பள்ளிக்கூடத்து வாலிபால் மேட்சில் ஒடிந்து, கோணலாகக் கூடிய விரல். அது எதையும் பற்றினால் லேசில் விடாது. மடங்கவும் தாமதம், நிமிரவும் தாமதம்.

ஸ்டுடியோவில் செம்மலரின் திரையில் ஒரு வரி இருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. 'இடது சுண்டுவிரல்: மற்ற விரல்களைவிடத் தாமதமாக விலகுகிறது.' பாஷ்யம் சாரின் சுண்டுவிரல் மன்னார்குடி நெல் மாதிரி நேராக இருக்கும்.

டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"செம்மலரு, நேத்து என்ன நம்பர் போட்ட?"

"நீங்க சொன்ன ஒண்ணுதாங்க சார்."

"உன் கம்ப்யூட்டர் எதுல இருந்தும்மா எண்ணும்?"

"ஜீரோவுல இருந்துங்க. ஜீரோ முதல் ஏழு வரைக்கும் எட்டு..." அவள் நிறுத்தினாள். "ஐயோ."

உலகத்திலேயே ஒன்று என்று எண்ணத் தொடங்காதவர்கள் இரண்டே பேர், மன்னார்குடிக்காரர்களும் கம்ப்யூட்டரும். லாபத்தை நேரே பூஜ்யத்தில் போட்டிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். நடுவில் ஒரு நிபுணர் புகுந்து அதை ஒன்று என்று மொழிபெயர்த்துக் கெடுத்துவிட்டார். அவர்கள் படித்தது 'ரெண்டு – நான்.' பாஷ்யம் சாரின் பத்து விரல்களும் உப்புப் பூத்த பேட்டரியோடு போய்விட்டன.

ஆக, அவர் எழுந்து நின்று, கண்ணீர் விட்டு, மனதார ஒப்புக்கொண்ட அந்த மகா கலைஞர் ஜே. அருமைநாயகம். தன்னடக்கத்தின் உச்சியில் நின்று தன்னையே புகழ்ந்துகொண்ட ஆள் இதற்குமுன் யாராவது உண்டா என்று அவருக்குத் தெரியவில்லை.

"சொல்லிரலாங்க சார்" என்றாள் செம்மலர். "வெள்ளிக்கிழமை கையைப் பதிவு பண்றாங்க. பண்ணிட்டா அது பாஷ்யம் சார் குடும்பத்து உரிமை. அதே கையில வேற யார் வாசிச்சாலும் எந்த எடிட்டிங் சாஃப்ட்வேரும் உள்ள விடாது. போலிக் கைன்னு சத்தத்தை அணைச்சுரும். உங்களையும்தாங்க சார்."

"என்னைய எவன்மா வாசிக்கக் கூப்பிடறான்" என்றார் அவர். ஆனாலும் மறுநாள் காலை பத்மஜா வீட்டுக் காலிங் பெல்லை அழுத்தினார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனார். சொன்னால் நாற்பது வருஷத்துக்குப் பிறகு அவர் யார் என்று ஊருக்குத் தெரியும்.

பத்மஜா காபி கொடுத்தாள். ஹாலில் அந்தக் கை மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தது.

"நேத்துலேர்ந்து அணைக்கவே இல்ல அங்கிள். ஒண்ணு சொல்லட்டுமா? அப்பா என்கிட்ட பிரியமா ரெண்டு வார்த்தை பேசினதே இல்ல. மார்க் கம்மியானா கத்துவார், இல்லேன்னா கதவைச் சாத்திண்டு பிராக்டிஸ். என்னைப் பிடிக்காதுன்னே நினைச்சுண்டிருந்தேன். இதைக் கேக்கறச்சேதான் தெரியறது, உள்ளே எவ்வளவு மென்மையா இருந்திருக்கார்னு. கடைசி நோட்டை விடமாட்டேங்கறார் பாருங்கோ. அது எனக்குன்னு தோண்றது."

அருமைநாயகம் காபியைப் பார்த்தார். அந்தக் கடைசி நோட்டுக்குக் காரணம் வாலிபால் என்று எப்படிச் சொல்வது?

"நீங்க ஏதோ சொல்ல வந்தேளே?"

"சர்க்கரை கொஞ்சம் கூட" என்றார்.

தெருவில் இறங்கியபோது தன்னைப் பெரிய தியாகி என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தார். முழுதாக முடியவில்லை. பாதி அவளுக்காக, பாதி பயம். 'உன் அப்பாவை நான்தான் அழித்தேன்' என்று சொல்லத் தைரியம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் கூச்சமே இல்லாத ஒரு சந்தோஷமும் இருந்தது. யார் பெயரிலாவது இருக்கட்டும், தன் வாசிப்பைக் கேட்டு ஒருத்தி விடிய விடிய அணைக்காமல் வைத்திருந்தாளே! செம்மலருக்குப் போன் செய்து வாயைத் திறக்காதே என்றார். வெள்ளிக்கிழமை கை பதிவானது.

ஞாயிற்றுக்கிழமை விருகம்பாக்கத்தில் அவருடைய சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. பலிபீடத்தின் அருகே அரிசி மூட்டைகளும் பூசணிக்காய்களும் வாழைத்தார்களும் குவிந்திருந்தன. வருஷத்தில் அருமைநாயகத்தை யாராவது வாசிக்கக் கூப்பிடுவது இந்த ஒருநாள்தான். கூப்பிடுபவர் அவருடைய மைத்துனர் தேவசகாயம், ஒலிபரப்புப் பொறுப்பாளர். ஆராதனை நேரலையில் போவதால் எல்லாச் சத்தமும் எடிட்டிங் சாஃப்ட்வேர் போட்ட கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போகும்.

அருமைநாயகம் முதல் பாட்டைத் தொட்டார். ஒரு வினாடி கேட்டது. அப்புறம் சர்ச் முழுக்க நிசப்தம்.

வயரைச் சரிபார்த்தார். பழக்கதோஷம். வயரில் ஒன்றுமில்லை. தேவசகாயம் குனிந்தபடி ஓடிவந்து காதில் சொன்னார்.

"அத்தான், நீங்க வாசிக்கிறது போலியாம்லா! கை ரங்கபாஷ்யம்னு ஒருத்தருக்குச் சொந்தமாம். மூணு தடவ இப்படி வந்துச்சின்னா நம்ம ஒலிபரப்பையே நிப்பாட்டிருவான். ஒங்க கையில வேற ஒருத்தரு எப்படி அத்தான் வந்தாரு?"

முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதகர் இருமினார். அப்போதுதான் கடைசி பெஞ்சில் பத்மஜா உட்கார்ந்திருப்பதை அருமைநாயகம் கண்டார். மடியில் வெள்ளித்தட்டு, அதில் குங்குமம், கற்கண்டு, அப்பாவின் கை வெளியீட்டு விழாப் பத்திரிகை. நேரில் அழைக்காவிட்டால் மரியாதையில்லை என்று வீட்டுக்குப் போய், அங்கிருந்து விசாரித்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறாள்.

தன் கையால் வாசிக்க முடியாது, அது அவர் கையே இல்லை. வேறு கை வேண்டும். அவருக்குத் தெரிந்த வேறு கை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். டீக்கடை மேஜைகளில் நாற்பது வருஷம் நக்கலடித்து நக்கலடித்து, ஒரு விரல் பிசகாமல் அவர் பாடம் பண்ணி வைத்திருந்த கை.

தோளை உயர்த்தினார். நேராக உட்கார்ந்தார். 'ஒன், டூ' என்றுதான் அவர் எப்போதும் தொடங்குவார். அப்படித் தொடங்கினால் இந்தக் கை வராது.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு" என்றார் மைக்கில்.

தட்டென்று இறங்கியது முதல் சுரம். ஸ்பீக்கர் அதிர்ந்தது. கனமான, கறாரான, வரி முடிந்த இடத்தில் ஒரு துளி கூடத் தங்காமல் கதவைச் சாத்தும் வாசிப்பு. கோணல் சுண்டுவிரலை வலிக்க வலிக்க நிமிர்த்தி வைத்துக்கொண்டார். கேலி செய்தபோது கவனிக்காத ஒன்று இப்போது தெரிந்தது: அந்தக் கனம் முரட்டுத்தனம் இல்லை, தப்பு வந்துவிடுமோ என்ற பயம். பெரிய மேதை, ஒவ்வொரு சுரத்துக்கும் பயந்திருக்கிறார். அருமைநாயகத்துக்கு அந்த மனுஷன்மேல் முதல்முறையாகப் பாசம் வந்தது. பேட்டரியோடு போய்விட்டவர் மிச்சமிருந்தது தன் நக்கலில் மட்டும்தான் என்பதும் புரிந்தது. இனி இதை ஒழுங்காக வைத்துக்கொள்ளவேண்டும்.

தேவசகாயம் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார். வாசிப்பவர் என்று அவர் தட்டிவைத்திருந்த பெயரோடு திரையில் ஒரு வரி வந்திருந்தது: 'புதிய கை. உரிமையாளர்: ஜே. அருமைநாயகம். அசல்.'

ஆராதனை முடிந்ததும் பத்மஜா தட்டை நீட்டினாள். கண் சிவந்திருந்தது.

"அவசியம் வரணும் அங்கிள். நீங்க லாபம், ரெண்டுன்னு ஆரம்பிச்சேள் பாருங்கோ, எனக்குச் சிலிர்த்துப் போயிடுத்து. அப்பாவே வந்து உக்காந்துட்டார்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம்... தப்பா எடுத்துக்கப்படாது. எல்லாருக்கும் அப்பா கை வந்துடுமா?" அவள் தயங்கி, மெதுவாக, சாவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள். "உங்க கை கொஞ்சம் கனம்."

அருமைநாயகம் கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஆமாம்மா. நாப்பது வருஷமா நானும் அதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்."